காட்டுக்கும் உறுதி உண்டோ?

மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறாவூர் செல்லும் நெடுஞ்சாலையில், நகரத்தின் சந்தடி சற்றே ஓய்ந்து, வாவிக் காற்று முகத்திற் படத் தொடங்கும் இடத்தில் இருப்பது தன்னாமுனை. மாலை வேளையில் அதன் கரையில் நின்றால், தோணியைக் கரைசேர்த்து வலை உதறும் மீனவரைக் காணலாம். கண்டல் மரங்களின் வேர்களுக்கிடையே ஒற்றைக் காலில் நின்று மீனுக்குக் காத்திருக்கும் கொக்குகளையும் காணலாம். அத்தகைய ஒரு மாலையிலேதான், இங்கிலாந்திலே நெடுங்காலம் வாழ்ந்துவிட்டு ஊர் பார்க்க வந்திருந்த என் தமக்கையின் மகன் அந்த வார்த்தையைச் சொன்னான்.

"மாமா, நான் அங்க ஒரு காடு வாங்கலாமெண்டு நினைக்கிறன்."

"வயல் வாங்கினவங்களக் கண்டிருக்கன், வளவு வாங்கினவங்களக் கண்டிருக்கன். காடு வாங்குற ஆள இப்பதான் காணுறன் மருமகன். வெட்டித் தோட்டம் செய்யவோ?"

"இல்ல மாமா. அது காடாகவே கிடக்கத்தான்."

அருகிலே வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் தலை நிமிர்ந்து சிரித்தார். "காசு குடுத்துக் காட்ட வாங்கி, அதச் சும்மா விடுறதெண்டால், அந்தத் தேசத்தில காசு மெத்தக் கிடக்குது போல, தம்பி" என்றார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். ஆனால், அன்றிரவு படுக்கையிற் சாய்ந்தபோது அந்தச் சிரிப்பு என்னை விட்டு அகன்றுவிட்டது. ஏனெனில், என் மருமகன் ஊருக்கு வந்த காரணம் வேறு. அவன் தாயார் காலமான பின், வாவிக்கரையிலே அவருக்குச் சீதனமாக வந்த இரண்டு ஏக்கர் காணியை என்ன செய்வது என்று முடிவெடுக்கவே அவன் வந்திருந்தான். அந்தக் காணியின் கீழ்ப்பகுதி கண்டற் காடு. அதனை நல்ல விலைக்குக் கேட்பவரும் இருந்தார். காட்டைத் தறித்து, மண் நிரப்பி, வாவியைப் பார்த்தபடி விடுதி கட்டுவது அவருடைய எண்ணம்.

அங்கே ஒரு காட்டை வாங்க நினைப்பவன், இங்கே ஒரு காட்டை விற்கலாமோ? இந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோது நான் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

நாலு ஏக்கர் வனம்

இங்கிலாந்திலே சிறு வனங்களை விலைக்கு வாங்கும் வழக்கம் இப்பொழுது பெருகியிருக்கிறது. பெரும் பண்ணைகளின் பகுதியாக இருந்த வனங்களை மூன்று ஏக்கர், ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் எனப் பிரித்து விற்கிறார்கள். நல்லதொரு சிறு வனத்திற்கு ஏக்கருக்குப் பத்தாயிரம் பவுணுக்கு மேலும் கேட்பதுண்டு. வாங்குவோர் பெரும் பிரபுக்கள் அல்லர். ஆசிரியர், தச்சர், ஓய்வு பெற்ற உத்தியோகத்தர் முதலியோரும் அவர்களுள் இருக்கிறார்கள்.

இத்தனை விலை கொடுத்து வாங்கியவர் அங்கே என்னதான் செய்யலாம்? வீடு கட்ட எண்ணினால் திட்டமிடல் அதிகாரிகளின் அனுமதி வேண்டும். வனத்திற்குள் அது கிடைப்பது மிக அரிது. மரம் வெட்டுவதற்கும் வரையறை உண்டு. 1967ஆம் ஆண்டின் வனச் சட்டத்தின்படி, மூன்று மாத காலாண்டு ஒன்றில் ஐந்து கன மீற்றர் மரம் மட்டுமே உத்தரவுப் பத்திரம் இன்றித் தறிக்கலாம். அதிலும் இரண்டு கன மீற்றருக்கு மேல் விற்றலாகாது. வனத்தினூடே பொதுப் பாதை சென்றால் அதனை மறிக்க முடியாது. சில உறுதிகளிலே வேட்டை உரிமையையும் நிலத்தடிக் கனிப்பொருள் உரிமையையும் பழைய உடைமையாளரே தம்மிடம் வைத்துக்கொள்வர். இவையெல்லாம் கழிய, வாங்கியவருக்கு எஞ்சுவது விறகு, நிழல், பறவைகளின் குரல், காவற் பொறுப்பு ஆகியனவே.

இவ்வாறு வனம் வாங்கியோருள் உலகறிந்த ஒருவர் றிச்சாட் ஃபோர்ட்டி. இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையிலே பணியாற்றிய பழவுயிரியல் அறிஞர் அவர். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் வாழ்ந்து மறைந்த உயிரினங்களை ஆராய்ந்தே தம் வாழ்நாளைக் கழித்தவர். ஓய்வு பெற்ற பின், 2011ஆம் ஆண்டிலே, ஒக்ஸ்போட் மாவட்டத்துச் சில்ற்றேண் குன்றுகளில் நாலு ஏக்கர் வனம் ஒன்றை வாங்கினார். மாதம் மாதமாக அங்கே பூத்தது என்ன, பறந்தது என்ன, மண்ணுக்கடியிலே கிடந்தது என்ன என்று குறித்துவைத்தார். அக்குறிப்புகளிலிருந்து 2016ஆம் ஆண்டில் ஒரு நூல் பிறந்தது. 2025ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். உலகமெங்கும் சுற்றித் திரிந்த ஓர் அறிஞருக்கு எழுதித் தீராத பொருளாக நாலு ஏக்கர் நிலம் அமைந்தது என்பதை நம் மாணவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கோடரியும் கலப்பையும்

ஆங்கிலேயர் தம் வனங்களை இத்துணை அருமையாகக் கருதுவதற்குக் காரணம் அவை அருகிப் போனமையேயாகும். 1086ஆம் ஆண்டில் அந்நாட்டிலே எடுக்கப்பட்ட நிலக் கணக்கைக் கொண்டு பார்த்தால், நிலப்பரப்பில் ஏறக்குறைய 15 விழுக்காடு வனமாக இருந்திருக்கலாம் என்பர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஐந்து விழுக்காடளவிற்குச் சுருங்கிற்று. முதலாம் உலகப் போரிலே மரத்துக்குத் தட்டுப்பாடு நேர்ந்த பின்னரே, 1919ஆம் ஆண்டில் வன ஆணைக்குழுவை நிறுவினார்கள். இன்று வனப்பரப்பு பத்து விழுக்காடளவிற்கு மீண்டிருக்கிறது.

அந்நாட்டு வனங்களின் வரலாற்றை ஆராய்ந்தவருள் தலையாயவர் ஒலிவர் இராக்கம். அவர் காட்டிய உண்மை ஒன்று நம்மை வியக்க வைப்பது. மரம் வெட்டியதனால் பழைய வனங்கள் அழியவில்லை என்கிறார் அவர். மரத்தை அடியோடு தறித்துவிட்டால், அடிக்கட்டையிலிருந்து பல கிளைகள் துளிர்க்கும். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் தறிக்கலாம். இவ்வாறு நூற்றாண்டு நூற்றாண்டாக விறகும் வேலிக்கம்பும் கொடுத்துக்கொண்டே அவ்வனங்கள் வாழ்ந்திருந்தன. பயன் தந்த வனத்தை ஊரார் பேணிக்கொண்டனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், உழுது வயலாக்கியமையும், இருந்த மரங்களைக் கொன்றுவிட்டு ஊசியிலை மரங்களை அணி அணியாக நட்டமையுமே பெருங் கேடு விளைத்தன.

முடிக்குரிய காடு

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம் முன்னோர்க்குக் காடு விலைப்பொருளாக இருந்ததில்லை. நாட்டின் அரணாவன இவை எனக் கூறவந்த வள்ளுவர், நீரோடும் நிலத்தோடும் மலையோடும் நிழல் செறிந்த காட்டையும் ஒன்றாக வைத்து எண்ணினார். புன்னை மரத்தைத் தன் உடன்பிறந்தவளாகக் கருதி, அதன் நிழலிலே காதலனோடு உரையாட நாணிய பெண் ஒருத்தியை நற்றிணை நமக்குக் காட்டுகிறது. உரிமை என்ற நம் சொல்லே உடைமைக்கும் உறவுக்கும் பொதுவாக வழங்குவதன்றோ? நம் வாவிக்கரையிலும் மண்டூர் முருகன் திருத்தலம் தில்லை மரத்தின் பெயரைத் தாங்கித் தில்லை மண்டூர் என வழங்குகிறது. கலப்பைக்கு மரமும், வேலிக்குக் கம்பும், தேனும், பாலைப் பழமும் காட்டிலிருந்து வந்தன; காட்டுக்கு உறுதி எழுத வேண்டும் என்று எவரும் எண்ணவில்லை.

உறுதி இல்லாத இந்த நிலைமையே பின்னர் வினையாயிற்று. பிரித்தானிய ஆட்சியிலே, 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறந்தது. காடும் தரிசும், குடியிருப்போ பயிரோ இல்லாத நிலமும், மாறாக நிறுவப்படும்வரை முடிக்கு உரியன என அது விதித்தது. நிறுவுவதற்குக் குடிகளிடம் பத்திரம் ஏது? எல்லார்க்கும் பொதுவாய் இருந்த காடு முடியின் காடாயிற்று. முடியிடமிருந்து விலைக்கு வாங்கியவர் கையிலே கோப்பித் தோட்டமாயிற்று. சுதந்திரத்தின் பின் முடிக்குரிய காணி அரச காணி எனப் பெயர் பெற்றது. இன்றும் இலங்கையின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டது அரசினுடையதே. ஆகவே, இங்கிலாந்திற்போல இங்கே காடு சந்தைக்கு வருவதில்லை. தனியார் வளவிலே நிற்கும் மரத்திலும் அரசு ஓரளவு கைவைத்திருக்கிறது. 1951ஆம் ஆண்டின் மரந்தறித்தற் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை உடைமையாளரும் அனுமதியின்றித் தறித்தலாகாது.

இன்னுமொன்று உண்டு. வெளிநாட்டுக் குடிமகனுக்கு இலங்கைக் காணியைக் கைமாற்றுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உடையோர்க்கும், உறவினரிடமிருந்து மரபுரிமையாகப் பெறுவோர்க்கும், வேறு சிலர்க்கும் விதிவிலக்கு உண்டு. என் மருமகன் பிரித்தானியக் குடிமகன்; இரட்டைக் குடியுரிமை பெற்றவனல்லன். அவன் இங்கிலாந்திலே விரும்பிய வனத்தை வாங்கலாம். தான் பிறந்த ஊரிலே தாய் விட்டுச்சென்ற காணியைப் பெறலாம். அதற்கு அடுத்த காணியை விலைக்கு வாங்க முடியாது. தாயின் காணியை ஒருமுறை விற்றுவிட்டானாயின், அதனை அவன் திரும்ப வாங்குவதற்கும் இச்சட்டம் இடங்கொடாது.

தம்புள்ளையில் ஓர் ஆங்கிலேயர்

வனம் வாங்கும் ஆங்கில வழக்கம் நம் நாட்டு வறண்ட மண்ணிலே வேரூன்றிய வரலாறும் ஒன்று உண்டு. பிரித்தானியக் கடற்படையில் இருந்தவரும், பின்னர் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலில் ஈடுபட்டவருமான சாம் பொப்பாம் என்பார், 1963ஆம் ஆண்டிலே, தம்புள்ளையிலிருந்து கண்டலமைக்குச் செல்லும் வழியில் ஏழரை ஏக்கர் நிலத்தை எடுத்தார். அது காடன்று, சேனைப் பயிர் செய்து கைவிட்ட முட்புதர் நிலம். அதனைக் காடாக்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

முதலில் அவர் எல்லோரும் செய்வதையே செய்தார். கன்றுகளைக் கொணர்ந்து நட்டார். அம்முயற்சி பலிக்கவில்லை. அப்பொழுதுதான், தாம் நட்டவை வாட, முட்புதருக்குள்ளே யாரும் நடாத கன்றுகள் தாமாகவே முளைத்து நிற்பதை அவர் கண்டார். பறவைகளும் காற்றும் விதைத்தவை அவை. பழைய வேர்களிலிருந்து துளிர்த்தனவும் இருந்தன. பொப்பாம் நடுவதை நிறுத்தினார். கன்றுகளை நெருக்கிய புதரை மட்டும் கையால் அகற்றி, கன்றுகளுக்கு ஒளி கிடைக்கச் செய்தார். பாலை, வீரை, முதிரை, கருங்காலி முதலிய மரங்கள் எழுந்தன. நம் மட்டக்களப்பின் உட்காடுகளிலும் நிற்பவை இவையே. அவர் கையாண்ட வழியை இன்று தம்புள்ளை முறை என்றே வழங்குகின்றனர். காலப்போக்கில் அயல்நிலமும் சேர்ந்து அவ்வனம் முப்பது ஏக்கருக்கு மேலாக விரிந்தது. அவர் அதனைத் தமக்குப் பின் விற்றுவிட விடவில்லை. கண்டியிலுள்ள அடிப்படை ஆய்வுகள் நிறுவனத்திடம் அது ஒப்படைக்கப்பட்டது. இன்று மாணவரும் ஆய்வாளரும் யாத்திரிகரும் அம்மர நிழலில் நடக்கிறார்கள்.

ஒருவர் நிலத்தை எடுத்தார். அதன் போக்கை அறிந்து கைகட்டி நிற்கக் கற்றார். முடிவிலே பொதுவுக்குக் கொடுத்தார். வனம் வாங்குதல் என்பதன் முழுப் பொருளும் இம்மூன்றிலும் அடங்கிவிடுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கண்டல் கற்பிக்கும் பாடம்

நம் வாவிக்கரைக்கு இந்தப் பாடம் மிக நெருங்கியது. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையைச் சூறையாடிய பின்னர், கண்டல் மரங்களின் அருமையை எல்லோரும் பேசத் தொடங்கினர். பணம் வந்தது, நாடெங்கும் கன்றுகள் நடப்பட்டன. 23 இடங்களிலே நடப்பட்ட கண்டல்களை உறுகுணைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் பின்னர் ஆராய்ந்து, 2017ஆம் ஆண்டிலே முடிவை வெளியிட்டனர். 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரையிலான பரப்பிலே நடப்பட்டவற்றுள், 200 முதல் 220 ஹெக்டேயரளவிலேதான் கன்றுகள் பிழைத்திருந்தன. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட எஞ்சவில்லை. பொருந்தாத இனத்தைப் பொருந்தாத இடத்தில் நட்டமையும், நட்டபின் பேணாமையுமே காரணங்கள். தம்புள்ளையிலே ஒரு தனிமனிதர் பல்லாண்டுகளுக்கு முன் கண்டறிந்ததை நாம் இத்தனை பொருட்செலவில் மீண்டும் கற்க வேண்டியதாயிற்று.

கண்டலின் இயல்பே தனி. அதன் விதை தாய்மரத்திலே தொங்கியபடி முளைத்து, முருங்கைக்காய்போல் நீண்டு, பருவம் வந்ததும் சேற்றில் விழும். அன்றேல் நீரில் மிதந்து சென்று ஏற்ற இடத்தில் வேர்கொள்ளும். நீரோட்டத்தை மறிக்காமல் விட்டால் வாவியே நடுகைக்காரனின் வேலையைச் செய்துவிடும். ஆனால், இங்கிலாந்து மரங்களுக்கு உள்ள ஒரு வரம் இதற்கு இல்லை. காலூன்றி நிற்பதுபோலத் தாங்குவேர் பரப்பும் கண்டல் இனத்தில், முதிர்ந்த மரத்தை அடியோடு தறித்தால் அடிக்கட்டை துளிர்ப்பதில்லை. அங்கே கோடரிக்குப் பின்னும் வனம் பிழைத்தது. இங்கே கோடரியோடு கதை முடிந்துவிடும். அதன் பின் மண்ணும் நிரப்பிவிட்டால், மிதந்து வரும் விதைக்கும் இடமில்லை. வேர்களுக்கிடையே ஒதுங்கும் இறாற் குஞ்சுக்கும் மீன் குஞ்சுக்கும் இடமில்லை. அந்த இழப்பு காணிக்காரனோடு நில்லாது, வாவியில் வலை வீசும் ஒவ்வொருவரின் வீட்டு அடுப்பிலும் தெரியும்.

வாவி என்னும் எல்லை

மறுநாள் காலை நானும் மருமகனும் உறுதியை எடுத்துக்கொண்டு அந்தக் காணிக்குச் சென்றோம். மூன்று பக்க எல்லைகளையும் உறுதி திருத்தமாகக் கூறியது. நாலாம் எல்லைக்கு ஒரே சொல்தான்: வாவி. மாரியிலே வாவி கண்டலைக் கடந்து மேலேறும். கோடையிலே கண்டலுக்கும் அப்பால் பின்வாங்கும். எந்த மாதத்து வாவி நம் எல்லை? விடுதி கட்ட விரும்பியவர் கோடை வாவியையே எல்லையாகக் கொண்டு கணக்கிட்டிருந்தார். கண்டல் நிற்கும் நீர்விளிம்பு உண்மையிலே எவருடைய விற்பனைக்கும் உரியதன்று என்பதைச் சட்டம் அறிந்தவர் அறிவர். ஆயினும், வேலி ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு முழமாக நீரை நோக்கி நடப்பதை நாம் காணாமலா இருக்கிறோம்?

மருமகன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கினான். சிறு பிராயத்தில் அவன் பெத்தாவோடு நண்டு பிடித்த இடம் அது. நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. கரையேறியபின் கேட்டான்: "மாமா, இத விக்காம விட்டா, ஆர் பாக்கிறது?"

நியாயமான கேள்வி. விற்பதில்லை என்று முடிவு செய்வது ஒரு கணத்து வேலை; பாதுகாப்பது ஆயுட்கால வேலை. அவன் இங்கிலாந்துக்குத் திரும்புகிறவன், நான் முதியவன். இருந்தாலும், "நான் இருக்குமட்டும் பாப்பன் மருமகன்" என்றேன். அவ்வளவில் விற்பனைப் பேச்சு நின்றது. காணிக்குப் புதிய வேலி இடும்போது, கண்டலுக்கு வெகுதூரம் இப்பாலே, மாரி வெள்ளம் தொடும் இடத்தில் கம்பு நடச் சொன்னோம். கீழ்ப்பகுதி வேலிக்கு வெளியே நிற்கிறது. வலைக்காரர் முன்போலவே அதன் வழியாகப் போய் வருகிறார்கள். இங்கிலாந்து வனத்தைப் பற்றி அவன் பின்னர் என்னிடம் பேசவில்லை; நானும் கேட்கவில்லை.

எனினும், எனக்குப் பின் யார் என்ற கேள்வி எஞ்சியே நிற்கிறது. பொப்பாமின் வனத்துக்கு ஒரு நிறுவனம் கிடைத்தது. நம் வாவிக்கரையின் சிறு சிறு கண்டற் காடுகளுக்கு அத்தகைய துணை இல்லை. ஆனால், அவற்றுக்கு அண்மையிலே பாடசாலைகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் ஒரு வகுப்பு மாணவர், தம் பாடசாலைக்கு அருகிலுள்ள ஒரு கண்டற் காட்டைத் தமதெனக் கொள்ளட்டும். ஃபோர்ட்டி செய்ததுபோல் மாதம் மாதமாக அங்கே கண்டதைக் கொப்பியில் எழுதி, அடுத்த வகுப்பின் கையில் கொடுக்கட்டும். ஆசிரியப் பெருமக்கள் மனம் வைத்தால் இது ஆகாத காரியமன்று. முதற் கொப்பி வாங்கும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். காட்டுக்கு வழி காட்டவும் காத்திருக்கிறேன்.